இரண்டாவது பெயர்

கச்சேரி அறிவிப்பு ஒன்றைக் கையில் எடுத்தால் நம் கண் முதலில் எங்கே போகிறது? பெரிய எழுத்தில் அச்சிட்ட பெயருக்குத்தான் போகிறது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னும் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், பியானோ இன்னார் என்று போட்டிருக்கும். அவற்றையும் நின்று படிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? தேரைப் பார்க்கக் கூடுபவர்கள் ஆயிரம் பேர் என்றால், வடம் பிடிக்கும் கைகளைப் பார்ப்பவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். இது உலக இயல்பு என்று சொல்லி விட்டுவிடலாமா? விட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

அந்தச் சிறிய எழுத்துப் பெயர்களில் ஒன்றைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ரோஹன் டி சில்வா. நம் பக்கத்து நாடான இலங்கையில் பிறந்தவர். உலகின் மிகப் பெரிய மேடைகளில் பியானோ வாசிப்பவர். ஆயினும் நம் ஊரில் அவர் பெயரைக் கேட்டவர்கள் மிகச் சிலரே. ஏனெனில் அவர் பெரும்பாலும் வாசிப்பது இன்னொருவருக்குத் துணையாக. நம் கர்நாடக இசையில் பக்கவாத்தியம் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த இடம்தான் அவருடையது.

முதலில் பியானோவைப் பற்றிச் சில வார்த்தைகள். திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த நமக்கு ஆர்மோனியம் தெரியும். கோயில் வீதியில் நாகஸ்வரமும் தவிலும் கேட்டிருக்கிறோம். திருப்பலியில் கீபோர்டும் கேட்கிறோம். ஆனால் உண்மையான பெரிய பியானோவை நேரில் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. சுமார் 1700ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு பிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோபோரி என்பவர் அதை உருவாக்கினார். இன்றைய பியானோவில் வெள்ளையும் கறுப்புமாக 88 கட்டைகள் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளித் துணி போர்த்திய சிறு சுத்தியல் எழுந்து, முறுக்கிக் கட்டிய கம்பியைத் தட்டும். மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி. ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி. அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்ட் என்னும் வாத்தியத்தில் விரலின் அழுத்தத்தால் இப்படி ஒலியைக் கூட்டிக் குறைக்க இயலாது. 'மெல்லவும் ஓங்கியும்' என்னும் பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்துதான் பியானோ என்ற பெயரே வந்தது.

இந்த வாத்தியத்துக்குத் துணையே தேவையில்லை. இரு கைகளும் சேர்ந்தால் ஒரு சிறு வாத்தியக் குழுவே அதற்குள் இருக்கிறது. ஆகவே பியானோ கற்கும் பிள்ளைகள் அனைவரும் தனியாக மேடையேறவே ஆசைப்படுவார்கள். அப்படியிருக்க, தனியாக ஒளிரக்கூடிய ஒரு வாத்தியத்தைக் கற்றுத் தேர்ந்தவர், பிறருக்குத் துணையாக வாசிப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார் என்றால் அது சிந்திக்கத் தக்கதல்லவா?

ரோஹன் டி சில்வாவுக்கு முதல் ஆசிரியை அவருடைய தாயார் பிரிம்ரோஸ் டி சில்வா. தாயின் அருகில் அமர்ந்து கட்டைகளைத் தொட்டுப் பழகிய சிறுவன், பிறகு மேரி பில்லிமோரியா என்னும் ஆசிரியையிடம் கற்றார். இலங்கை அதிபர் நிதியிலிருந்து கலைக்கென வழங்கப்பட்ட சிறப்பு உதவித்தொகையை முதன்முதலில் பெற்றவர் அவரே. அவர் லண்டன் மாநகரின் ராயல் அகாடமி ஆப் மியூசிக்கில் பயின்று, முடிக்கும்போது ஒட்டுமொத்தமாகச் சிறந்த வாசிப்புக்கான சாப்பெல் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். அதன்பின் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் உள்ள ஜூலியார்டு பள்ளியில் மேற்படிப்புப் படித்தார். அங்கே மார்ட்டின் கேனினிடம் பியானோவும், பீலிக்ஸ் கலிமீரிடம் சிறு குழுக்களாகச் சேர்ந்து வாசிக்கும் இசையும் கற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனியாக வாசிக்கத் திறமை இல்லாதவர்கள்தான் துணை வாசிக்கப் போவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். தங்கப் பதக்கம் பெற்றவரைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியுமா? தனி மேடைக்கு வேண்டிய பயிற்சி அனைத்தையும் பெற்ற பிறகே அவர் இந்தப் பணியில் சிறந்தார்.

1990ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில் ஒன்பதாவது சர்வதேசச் சைக்கோவ்ஸ்கி இசைப் போட்டி நடந்தது. 1958இல் தொடங்கிய புகழ்பெற்ற போட்டி அது. அதில் சிறந்த துணை வாசிப்பாளர் என்னும் சிறப்புப் பரிசு ரோஹன் டி சில்வாவுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1991இல், தாம் படித்த ஜூலியார்டு பள்ளியிலேயே ஆசிரியராகச் சேர்ந்தார். கில் ஷாஹாம், மிடோரி, ஜோஷுவா பெல், பிங்கஸ் சுக்கர்மன் முதலிய பெரிய வயலின் கலைஞர்களோடு அவர் வாசித்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இட்சாக் பெர்ல்மனோடு பல நாடுகளுக்கும் சென்று வாசித்திருக்கிறார். பெர்ல்மன் 1945இல் டெல் அவிவ் நகரில் பிறந்தவர். நான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் பாதிக்கப்பட்டன. மற்ற வயலின் கலைஞர்கள் மேடையில் நின்று வாசிக்க, அவர் அமர்ந்தே வாசித்து உலகின் முதல் வரிசைக்கு வந்தார். 2007ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத்துக்கு அமெரிக்க அதிபர் வெள்ளை மாளிகையில் விருந்து அளித்தார். அந்த விருந்தில் வயலின் வாசித்தவர் பெர்ல்மன். பியானோ வாசித்தவர் நம் பக்கத்துத் தீவில் தாயிடம் பாடம் தொடங்கிய ரோஹன் டி சில்வா.

பெர்ல்மனுக்கு அவருக்கு முன்பு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துணை வாசித்தவர் சாமுவேல் சாண்டர்ஸ் என்பவர். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவராயிருந்தும் 1999இல் மறையும் வரை இசையை விடாதவர். அவர் பெயரில் துணை வாசிப்பாளர்களுக்கு ஒரு விருது ஏற்படுத்தப்பட்டது. 2005இல் நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் நடந்த விழாவில் அவ்விருதைப் பெற்றவர் ரோஹன் டி சில்வா. அதை அவர் கையில் கொடுத்தவர் பெர்ல்மனே. பெரிய எழுத்துப் பெயருக்கு உரியவர், சிறிய எழுத்துப் பெயருக்கு உரியவரைப் பலர் அறியப் பெருமைப்படுத்திய நாள் அது. இச்செய்தி எங்கள் மனத்தில் ஆழப் பதிந்தது.

துணை வாசிப்பவர் அப்படி என்னதான் செய்கிறார்? பின்னால் ஏதோ 'டொய்ங் டொய்ங்' என்று தட்டிக்கொண்டிருப்பது பெரிய வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சிறு விவரம் சொல்வோம். வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும்போது, வயலின் கலைஞரின் முன்னால் இருக்கும் தாளில் பொதுவாக வயலின் பகுதி மட்டுமே எழுதியிருக்கும். பியானோ கலைஞரின் தாளிலோ அவருடைய இரு கைகளுக்குரிய வரிகளும், அவற்றுக்கு மேலே வயலின் வரியும் சேர்த்து எழுதியிருக்கும். ஒருவருக்கு ஒரு வரி. மற்றவருக்கு மூன்று வரி! மேடையில் முழுப் படத்தையும் கண்முன் வைத்திருப்பவர் இரண்டாவது பெயருக்கு உரியவரே.

அவர் தம் பகுதியை வாசித்தால் மட்டும் போதாது. பாடுபவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று அறிந்திருக்க வேண்டும். வயலின் வில் எந்த நொடியில் திரும்பும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னவர் சற்றே நிதானித்தால் தாமும் நிதானிக்க வேண்டும். அவர் ஒரு வரியைத் தவறித் தாண்டிவிட்டால், கேட்பவர்களுக்குத் தெரியாமல் தாமும் தாண்டி அவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். பாடகிக்கு ஒரு நாள் தொண்டை சரியில்லை என்றால், எழுதியதைவிட ஒரு கட்டை இறக்கி அப்படியே வாசிக்க வேண்டி வரும். பெரிய பியானோவின் ஒலி மண்டபத்தையே நிறைக்கும். அதே பியானோ ஒரு மெல்லிய குரலை அமுக்கிவிடாமல் தாங்கவும் வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, கைதட்டல் வரும்போது ஓரடி பின்னால் நின்று வணங்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஜெரால்டு மூர் என்று ஒருவர் இருந்தார். 1899இல் பிறந்து 1987இல் மறைந்தவர். வாழ்நாள் முழுவதும் பெரும் பாடகர்களுக்கு பியானோவில் துணை வாசித்தவர். 'என் ஒலி மிகுந்துவிட்டதா?' என்னும் பொருள்படும் கேள்வியையே தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அந்த ஒரு கேள்வியில் துணை வாசிப்பவரின் தினசரிக் கவலை முழுவதும் அடங்கியிருக்கிறது. 1967இல் அவர் லண்டன் மேடையிலிருந்து விடைபெற்றபோது, அக்காலத்தின் தலைசிறந்த பாடகர்கள் மூவர் ஒரே மேடையில் கூடி அவருக்காகப் பாடினார்கள். அந்த ஒரு நாள் இரண்டாவது பெயரே முதல் பெயராயிற்று.

முதல், இரண்டு என்பதெல்லாம் என்றும் மாறாத வரிசையா என்றால், அதுவும் இல்லை. 1764இல், எட்டு வயதுச் சிறுவனாயிருந்த மோட்சார்ட்டின் முதல் சொனாட்டாக்கள் பாரிஸில் அச்சாயின. அவை ஹார்ப்சிகார்ட் வாத்தியத்துக்கென்று எழுதப்பட்டவை; விரும்பினால் வயலினைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. அன்று துணையாக இருந்தது வயலின்! பீத்தோவன் 1803இல் அரங்கேற்றிய புகழ்பெற்ற சொனாட்டாவின் அட்டையிலும் பியானோ முதலில், வயலின் அடுத்தது. காலம் செல்லச் செல்ல வரிசை புரண்டது. மனிதர் போட்ட வரிசைதானே? மனிதர் மாற்றவும் செய்வார்கள். அமெரிக்காவின் பல இசைக் கல்லூரிகளில் 'துணை வாசிப்பவர்' என்பதற்குப் பதிலாகச் 'சேர்ந்து வாசிக்கும் பியானோ கலைஞர்' என்று பொருள்படும் பெயரையே இன்று வழங்குகிறார்கள்.

கடல் கடந்து இவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர் வீதியிலேயே பாடம் இருக்கிறது. சுவாமி புறப்பாட்டின்போது மேளக்காரர்கள் வருவதைப் பார்த்திருப்போம். நாகஸ்வரம் ஊதுபவரைப் பார்ப்போம். தவில்காரரின் விரல் வேகத்தை வியப்போம். அவர்களோடு ஒத்து ஊதுபவர் ஒருவர் வருவது பழைய வழக்கம். ஒரே ஒரு சுருதி. அதை விடாமல் ஊதிக்கொண்டே இருப்பது அவர் வேலை. ராகம் எங்கெங்கோ போய்த் திரும்பி வந்து நிற்பது அந்தச் சுருதியில்தான். இன்று பல இடங்களில் அவருக்குப் பதிலாக மின்சாரச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. அவர் இல்லாமற்போனதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

கார்த்திகைத் தீபத்தன்று லட்சக்கணக்கான மக்கள் மலையுச்சியை நோக்கி நிற்கிறார்கள். சுடர் தெரிந்ததும் ஊரே ஆரவாரிக்கிறது. அதற்கு முன்பே பெரிய கொப்பரையையும் நெய்யையும் திரியையும் 2,668 அடி உயரத்துக்குத் தோளில் சுமந்து ஏறியவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சமயத்தவராயினும் இந்த ஊரில் வாழும் நாம் அனைவரும் அந்தச் சுடரைக் காண்கிறோம். சுமந்த தோள்களையும் ஒரு நிமிடம் நினைத்தால் சுடரின் அழகு குறைந்துவிடுமா? கூடத்தான் செய்யும்.

நம் கர்நாடக இசையுலகிலும் இந்த உண்மையை மெதுவாகவே உணர்ந்தார்கள். சென்னை மியூசிக் அகாடமி வழங்கும் சங்கீத கலாநிதி விருது மிக உயர்ந்ததாகக் கருதப்படுவது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்கு அவ்விருது 1966இல் கிடைத்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. வயலின் வாசிக்கும் பெண்மணி ஒருவர் அதைப் பெற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ஏ. கன்யாகுமாரி. எம். எல். வசந்தகுமாரியின் கச்சேரிகளில் பல ஆண்டுகள் பக்கவாத்தியமாக வயலின் வாசித்துப் பெயர் பெற்றவர். பெண்பிள்ளைகளாகிய நமக்கு இது பெருமை தரும் செய்தி; இவ்வளவு காலம் ஆயிற்றே என்று எண்ண வைக்கும் செய்தியும்கூட.

தனியாக ஒளிர்பவர்களைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கம் அன்று. 2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு வென்றபோது, அவருக்கு வயது 13. நிமிடத்துக்கு 325 தட்டு என்ற வேகத்தில் அவர் விரல்கள் ஓடியதைக் கண்டு உலகமே வியந்தது. நாங்களும் வியக்கிறோம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் பியானோவின் பக்கம் திரும்பிப் பார்க்க அந்த வெற்றி காரணமாயிற்று என்றால் அது மிகையாகாது. ஆனால் கற்கத் தொடங்கும் நூறு பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படி உலக மேடையில் தனியாக நிற்கப் போகிறார்கள்? ஒருவர் நின்றால் பெரிது. மீதி 99 பேரும் தோற்றவர்களா? அவர்கள் கற்றது வீணா? பாடகர் குழுக்கள், நடன வகுப்புகள், ஆலயங்கள், பள்ளிகள் என்று பியானோவும் கீபோர்டும் வேண்டிய இடங்கள் எத்தனையோ உள்ளன. அந்த இடங்களை நிரப்பும் கைகள் இல்லாவிட்டால் பாட்டு நின்றுபோகும்.

இவ்வளவு தூரம் படித்த தோழி ஒருத்தி எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கக்கூடும். "பெண்பிள்ளைகளுக்கு எல்லாரும் சொல்லும் பழைய பாடம்தானே இது? பின்னால் நில், சத்தம் போடாதே, பிறர் சிறக்க நீ உழை என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். நீங்களும் அதையே பியானோவை வைத்துச் சொல்கிறீர்களா?" நல்ல கேள்வி. எங்களுக்குள்ளும் இதைப் பற்றிப் பலமுறை விவாதித்தோம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நன்றாக ஆராய்ந்தால் மூன்று வேறுபாடுகள் தெரியும்.

முதலாவது, விருப்பம். ரோஹன் டி சில்வாவை யாரும் பின்னால் தள்ளவில்லை. தனியாக வாசிக்கும் ஆற்றல் கையில் இருக்க, துணை வாசிக்கும் கலையைத் தம் துறையாக்கிக் கொண்டார். முன்னால் போகும் வழியே அடைக்கப்பட்டு ஒருத்தி பின்னால் நின்றால், அதைக் கலை என்று சொல்லக் கூடாது. அநீதி என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி. அவர் லண்டனிலும் நியூயார்க்கிலும் பல ஆண்டுகள் கற்றார். துணை வாசிப்பது கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை என்று அங்கே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கென்று வகுப்பும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். இங்கேயோ, "சும்மா கூட வாசிக்கிறதுதானே, நீ வந்து உட்கார்" என்று சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவது, பெயர். இதுவே முக்கியம். அவர் இரண்டாவதாக வந்தாலும் அவர் பெயர் நிகழ்ச்சித் தாளில் அச்சாகிறது. அவருக்குப் பரிசு உண்டு, ஊதியம் உண்டு, ஆசிரியப் பதவி உண்டு. அவர் அடக்கமாக இருக்கிறார்; ஆனால் அவரை யாரும் மறைக்கவில்லை. அடக்கம் என்பது ஒருவர் தாமே மேற்கொள்ளும் நற்பண்பு. மறைப்பது என்பது பிறர் அவருக்குச் செய்யும் குறை. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளவே கூடாது. அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளைப் பாருங்கள். பேராசிரியர்களின் பெயர்களுக்கு முன்பாகத் தாயார் பிரிம்ரோஸின் பெயர் வருகிறது. வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தந்த ஒரு தாயின் பெயர் உலக மேடைகளின் அறிவிப்புத் தாள்களில் ஏறிவிட்டது. இரண்டாவது பெயரின் அருமை தெரிந்தவர், தமக்குத் துணை நின்றவரின் பெயரை மறக்கவில்லை.

ஆகவே எங்கள் முடிவு இதுதான். துணை வாசிப்பதில் தாழ்வு எதுவும் இல்லை. பெயர் சொல்லாமல் வாசிக்க வைப்பதில்தான் தாழ்வு இருக்கிறது.

இதை எழுத எங்களைத் தூண்டிய செய்தி ஒன்று உண்டு. வெளியிடம் ஒன்றில் நடந்த குழுப்பாடல் போட்டிக்கு எங்கள் வகுப்பிலிருந்து எட்டுப் பேர் பாடச் சென்றோம். ஒன்பதாவதாக ஒருத்தி கீபோர்டு வாசித்தாள். மூன்று வாரம் எங்கள் எட்டுப் பேருடைய சுருதியையும் கட்டி இழுத்தவள் அவளே. எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழ்கள் எட்டுத்தான் வந்தன. "பாடியவர்களுக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, விடுங்கடி" என்றாள். அவளுக்குப் பரவாயில்லாமல் இருக்கலாம். எங்களுக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

குறை சொல்வது எளிது. வழி சொல்வதே கடமை. எனவே எங்கள் சிற்றறிவுக்கு எட்டிய சில வழிகளைப் பணிவோடு சொல்கிறோம்.

மதிப்புக்குரிய அருட்சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆண்டு விழா நிகழ்ச்சித் தாளில் பாடுபவர்கள், ஆடுபவர்கள் பெயர்களோடு, கீபோர்டு, ஆர்மோனியம், தபேலா வாசிப்பவர்கள் பெயர்களையும் அதே அளவு எழுத்தில் அச்சிடலாம். மேடைத் திரையை இழுப்பவர்கள், ஒலிபெருக்கியைக் கவனிப்பவர்கள் பெயர்களுக்கும் கடைசியில் ஒரு வரி ஒதுக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு பிடி மை. அத்துடன், பரிசளிப்பின்போது சிறந்த துணை வாசிப்புக்கு என்று ஒரு சிறு பரிசு வைக்கலாம். மாஸ்கோவில் வைத்தார்களே, நம் பள்ளியில் வைக்க முடியாதா?

அன்பான பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மகள் குழுவோடு வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், "நீ எப்போது தனியாக வாசிக்கப் போகிறாய்?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். "இன்று நன்றாக ஒத்துப் போயிற்றா?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் முகம் மலரும். அதே சமயம், தனியாக வாசிக்க ஆசைப்படும் மகளை, "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று தடுத்துவிடவும் வேண்டாம். முன்னால் நிற்பதா, துணை நிற்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவளிடம் இருக்கட்டும்.

தோழியரே, நம்மில் பாடுபவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கைதட்டல் எழும்போது திரும்பி, வாத்தியத்தருகே இருப்பவளை நோக்கிக் கையை நீட்டுவோம். பெரிய கலைஞர்கள் அனைவரும் மேடையில் செய்யும் மரியாதை அது. அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும். வாத்தியம் வாசிப்பவர்களே, நீங்களும் "சும்மா கூட வாசித்தேன்" என்று இனிச் சொல்லாதீர்கள். "நான்தான் வாசித்தேன்" என்று சொல்லுங்கள்.

இன்னும் சில மாதங்களில் பத்தாம் வகுப்பை முடித்து, ஆளுக்கொரு பாடப்பிரிவில் பிரிந்து செல்லப் போகிறோம். நம்மில் சிலர் முதல் பெயராவோம்; பலர் இரண்டாவது பெயராவோம். மருத்துவருக்குச் செவிலியர், பொறியாளருக்குக் கொத்தனார், ஆசிரியருக்கு ஆய்வுக்கூட உதவியாளர் என்று உலகமே சேர்ந்து வாசிக்கும் கச்சேரியாகத்தான் நடக்கிறது. எந்த இடம் கிடைத்தாலும் அதில் தேர்ச்சியோடு இருப்போம். அடுத்த முறை ஓர் அறிவிப்புத் தாள் கைக்கு வந்தால் அதைக் கடைசி வரி வரைக்கும் படிப்போம். படித்த பெயரை வாய்விட்டு ஒரு முறை சொல்லியும் பார்ப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி